வீட்டுப் பட்டறையில் சொந்த ஸ்கூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் சூரமங்கலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் ஸ்கூட்டர் கட்டுகிறேன். எட்டிப் பார்க்க வருகிறவர்கள், போனில் கூப்பிடுகிறவர்கள், லேத் பட்டறையில் பேச்சுக் கொடுக்கிறவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கடையில் வாங்கிய வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டி சைலன்சர் மாற்றும் வேலையைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. பிரேமை நாமே குழாயில் கட்டி, அதன்மேல் நாமே பாடி போடும் வேலை இது.

இதை ரோட்டில் ஓட்டலாமா? ஆர்.சி. கிடைக்குமா?

ஓட்ட முடியாது. முதல் கேள்வியிலேயே ஆசையில் மண் விழுகிறதே என்று வருத்தப்படாதீர்கள், பின்னால் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது.

வண்டியின் அடையாளம் என்பது பிரேமில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர். புது பிரேம் கட்டினால், அந்த நம்பர் இல்லாத ஒரு புது வண்டியை நீங்கள் உற்பத்தி செய்கிறீர்கள் என்று அர்த்தம். புது வண்டி ரோட்டுக்கு வர வேண்டுமானால், 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆம் விதிப்படி அதன் மாதிரி வண்டி புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட் போன்ற சோதனை நிலையங்களில் தேறி வர வேண்டும். அது கம்பெனிகள் போகும் வழி. கொட்டகையில் ஒற்றை வண்டி கட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. சேலத்தில் டி.என். 30 ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனாலும் டி.என். 54 ஆபீஸுக்குப் போனாலும் பதில் ஒன்றுதான்.

"பழைய ஆக்டிவா ஆர்.சி. ஒன்று சும்மா கிடக்கிறது, அந்த நம்பரை வெட்டிப் புது பிரேமில் வைத்துவிட்டால்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நம்பரை வெட்டி ஒட்டுவது அதைவிடப் பெரிய வில்லங்கம், திருட்டு வண்டிக்காரர்கள் செய்கிற காரியம்.

சொந்தத் தோப்புக்குள் ஓட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் சட்டப்படி சரி என்பதும் ஒன்றல்ல. பதிவு வேண்டும் என்று சொல்லும் 39-ஆம் பிரிவு, பொது இடத்தோடு நிற்கவில்லை, வேறு எந்த இடத்திலும் என்று சேர்த்தே சொல்கிறது. விலக்கு இருப்பது வரையறையில்தான். தொழிற்சாலைக்குள்ளோ அடைப்புள்ள வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று செய்த தனி வகை வண்டி, அந்தச் சட்டத்தில் மோட்டார் வாகனமே அல்ல. அதனால் கட்டும்போதே வளாக வண்டியாகக் கட்டுங்கள். நம்பர் பிளேட் மாட்ட இடம் விட்டு, நாளைக்கு ரோட்டில் இறக்கலாம் என்ற நினைப்போடு கட்டாதீர்கள்.

நான் கட்டிய வண்டி ஒன்று ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காபி எஸ்டேட்டுக்குள் ஓடுகிறது. கேட்டைத் தாண்டுவதில்லை. பழம் பறிக்கும் பருவத்தில் களத்துக்கும் ஸ்டோருக்கும் நாள் முழுக்கப் போய்வருகிறது. மினி லாரியில் ஏற்றித்தான் மலைக்குக் கொண்டுபோனோம்.

25 சி.சி.க்குக் கீழே, 250 வாட்டுக்குக் கீழே என்றால் பதிவு வேண்டாமாமே?

பாதி சரி. நான்கு சக்கரத்துக்குக் குறைவான, 25 சி.சி.க்கு மேற்படாத இன்ஜின் உள்ள வண்டி, அந்தச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் விவசாயக் கருவிக் கடையில் கிடைக்கும் புல்வெட்டி இன்ஜின்களில் பெரும்பாலானவை 43, 52 சி.சி. 25 என்று வாய்வார்த்தையாகச் சொல்லி விற்பதில் சில, பெயர்ப் பலகையில் 25.4 என்று இருக்கும். அந்த 0.4-இல் விலக்கு போய்விடும்.

மின்சார வண்டியில் 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம் என்ற விலக்கு உண்டு. அதையும் சோதனை நிலையம் பார்த்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும். நாமே மோட்டார் மாட்டிவிட்டு 250 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் செல்லாது.

எல்லாப் பாகத்தையும் நாமே செய்ய வேண்டுமா?

செய்யக் கூடாது. என் கணக்கு இது: ரிம், டயர், பிரேக், முன் ஃபோர்க், ஷாக், கோன் செட் (ஹேண்டில் சுழலும் பேரிங்), ஆக்சில், பெட்ரோல் டேங்க், கேபிள் எல்லாம் கம்பெனிப் பொருள். பிரேம், இன்ஜின் தாங்கி, சீட் அடி, பாடி, மட்கார்டு, ஃபுட்போர்டு எல்லாம் நம் கை. முதல் வரிசையில் எது உடைந்தாலும் விழுவது நீங்கள். அவற்றை வார்ப்பதற்கும் சூடேற்றிப் பதப்படுத்துவதற்கும் வேண்டிய வசதி எந்த வீட்டிலும் இல்லை. "முழுக்க முழுக்கச் சொந்தமாகச் செய்தது" என்ற பெருமைக்காக லேத்தில் ஆக்சில் கடைந்து போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்த இரும்புத் தண்டு எந்த ரக இரும்பு என்பது அவர்களுக்கே தெரியாது.

எந்த இன்ஜின் எடுப்பது?

முதல் வண்டிக்கு, கியர் இல்லாத ஸ்கூட்டரின் பின்பாதியை அப்படியே எடுங்கள். ஆக்டிவா மாதிரி வண்டிகளில் இன்ஜின், பெல்ட் பெட்டி, பின் சக்கரம், பின் பிரேக் டிரம் எல்லாம் ஒரே கட்டாக வரும். பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மும் அந்தக் கட்டேதான். முன்னால் ஒரு தொங்கு இணைப்பு, பின்னால் ஒரு ஷாக், இந்த இரண்டு இடத்தில் பிரேமோடு பிடித்தால் போதும். செயின் நேர்க்கோடு, ஸ்ப்ராக்கெட் கணக்கு என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

பழைய சேத்தக் இன்ஜின் மேல் ஆசை இருக்கிறவர்கள் நிறைய. சத்தமும் கைக் கியரும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எடை ஒரு பக்கமாக இருக்கும், கியர் கேபிள் செட்டிங் தனி வேலை. இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். இன்ஜின் எளிமையானது, மலிவானது. ஆனால் அது செயின் வண்டி, ஸ்விங் ஆர்ம் தனியாகக் கட்ட வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள்: ஸ்கூட்டர் இன்ஜினுக்கு விசிறிதான் குளிர்ச்சி. பாடியை அழகாக மூடி விசிறியின் வாயை அடைத்துவிட்டால், சேலத்து மே மாத வெயிலில் இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

பழைய வண்டி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பேப்பர். இரும்புக் கடையில் மூலையில் கிடக்கும் இன்ஜினை எடைக்குப் போட்டு வாங்குவது சுலபம், அது யார் வீட்டு வாசலில் காணாமல் போன வண்டி என்று பின்னால் தெரிந்தால் நீங்கள்தான் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரிடமே முழு வண்டியாக வாங்கி, இன்ஜின் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்து, ரசீது எழுதி வாங்குங்கள். வண்டியைப் பிரித்துவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

வாங்கிய கையோடு கட்டிங் வீலை எடுத்து பிரேமை வெட்டிவிடாதீர்கள். பழைய பிரேம் உங்களுக்குக் கிடைத்த இலவச வரைபடம். ஹேண்டில் கழுத்திலிருந்து இன்ஜின் தொங்கு போல்ட் வரை, அங்கிருந்து ஷாக் மேல் போல்ட் வரை, எல்லா அளவையும் எடுத்து ஒரு பிளைவுட் பலகையில் நிஜ அளவில் வரைந்து வையுங்கள்.

பிரேமுக்கு என்ன குழாய்?

வெளி விட்டம் 32 மி.மீ. அளவில், சுவர் கனம் 2 மி.மீ. உள்ள மைல்டு ஸ்டீல் குழாய். கிடைத்தால் மூட்டே இல்லாத சீம்லெஸ், இல்லாவிட்டால் நீளவாக்கில் வெல்டு செய்த நல்ல இ.ஆர்.டபிள்யூ. போதும். தண்ணீர்க் குழாய், அதாவது ஜி.ஐ. பைப், கூடாது. அதன்மேல் பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகி மூச்சில் ஏறும். அன்று ராத்திரியே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும்.

ஸ்கூட்டரில் கால் வைக்க நடுவே இடம் விடுவதால் மேல்குழாய் கிடையாது. பைக்கில் மேலும் கீழும் பங்கு போட்டுக்கொள்ளும் சுமை, ஸ்கூட்டரில் முழுக்க ஃபுட்போர்டுக்கு அடியில் ஓடும் குழாயில் விழுகிறது. அதனால் அங்கே ஒற்றைக் குழாய் வேண்டாம், இரண்டு குழாயை இணையாக ஓட்டி நடுவே குறுக்குக் குழாய் கொடுங்கள். கழுத்தும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் 3 மி.மீ. தகட்டில் முக்கோணத் தாங்கு கட்டாயம் வேண்டும்.

இத்தாலியில் 1946-இல் வந்த வெஸ்பா, தகட்டை அச்சில் அழுத்திச் செய்த உடம்பையே பிரேமாக வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த லாம்ப்ரெட்டா குழாய் பிரேம் போட்டு, மேலே தகடு மூடியது. அந்த லாம்ப்ரெட்டா வம்சம்தான் பிறகு லக்னோவில் விஜய் சூப்பராக ஓடியது. வீட்டில் அச்சு அழுத்தும் பிரஸ் கிடையாது. நம் வழி லாம்ப்ரெட்டா வழி.

குழாய் வளைக்க பெண்டர் வாங்க வேண்டியதில்லை. ஸ்டீல் கட்டில், நாற்காலி செய்யும் பட்டறையில் டெம்ப்ளேட்டோடு போனால் வளைத்துத் தருவார்கள். உள்பக்கம் சுருக்கம் விழுந்த வளைவை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊருங்க இது. ஸ்டெயின்லெஸ்லயே பிரேம் போட்டா என்னங்கண்ணா?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர் யாரும் கேட்டதில்லை. சேலம் உருக்காலை 1981-இல் ஓடத் தொடங்கியதிலிருந்து நம் ஊரில் எதைச் செய்தாலும் எஸ்.எஸ்.ஸில் செய்தால் மதிப்பு என்று ஒரு நினைப்பு.

304 ரகம் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் சூட்டில் மைல்டு ஸ்டீலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வெல்டு வைத்த இடத்திலேயே சூடு தேங்கி, குழாய் கண்டபடி இழுக்கும். ஆர்கான் டிக் வெல்டிங் வேண்டும், குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் ஓட வேண்டும். இதையெல்லாம் செய்தும், நாள்பட்ட அதிர்வில் வெல்டின் ஓரத்தில் விரிசல் விட்டால் பளபளப்பு உங்களைக் காப்பாற்றாது. ஃபுட்போர்டு, ஓரப் பட்டை, சைலன்சர் மூடி, கேரியர் இவற்றுக்கு எஸ்.எஸ். போடுங்கள். பிரேமுக்கு வேண்டாம்.

ஹேண்டில் சாய்வை எப்படி முடிவு செய்வது?

வண்டி நேராக ஓடுமா, கை நடுங்குமா என்பதை முடிவு செய்வது இந்த ஒரு அளவுதான். ஹேண்டில் தண்டின் சாய்வுக் கோட்டைக் கற்பனையில் தரை வரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளி முன்னால் இருக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளி கொஞ்சம் பின்னால் இருக்கும். இடையில் உள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள். ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் தள்ளிய பக்கமே திரும்பிக்கொண்டு பின்னால் வருகிறதே, அதே காரணம்.

கணக்கு எளிது. டயர் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்குங்கள். ஆக்சில், ஹேண்டில் தண்டின் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. முன்னால் தள்ளி இருக்கிறதோ, அதைக் கோணத்தின் காஸ் மதிப்பால் வகுத்துக் கழியுங்கள். 3.50-10 டயரின் ஆரம் சுமார் 215 மி.மீ. செங்குத்திலிருந்து 26.5 டிகிரி சாய்வு, ஆக்சில் தள்ளல் 25 மி.மீ. என்றால், 107-இல் 28 போக 79 மி.மீ. சின்னச் சக்கர ஸ்கூட்டருக்கு 75 முதல் 90 வரை நல்ல அளவு. 50-க்குக் கீழே போனால் வேகத்தில் ஹேண்டில் ஆடும். 110-க்கு மேலே போனால் எஸ்டேட் மாதிரி நெளிவுப் பாதையில் திருப்பவே கை வலிக்கும்.

இந்த அளவை வெறும் வண்டியில் எடுக்கக் கூடாது. ஆள் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஷாக் அமுங்கும், பின்பக்கம் கூடுதலாக அமுங்கினால் சாய்வு கூடிவிடும். உங்கள் எடைக்கு ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பழைய வண்டியில் உட்கார்ந்து அளந்து வைத்துக்கொண்டு, அந்த உயரத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஜிக் அவசியமா? தரையில் வைத்து வெல்டு செய்ய முடியாதா?

ஜிக் என்பது வெல்டு செய்யும்போது குழாய்களை அளவு மாறாமல் பிடித்து வைக்கும் சட்டம். அது இல்லாமல் கட்டிய பிரேமை நான் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன். வேலையில் பாதி நேரத்தை ஜிக்குக்கே கொடுத்தாலும் தகும்.

75-க்கு 40 மி.மீ. இரும்பு சேனல் ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு எடுத்து, குறுக்குக் கட்டை வைத்து ஒரு ஏணி மாதிரி சேருங்கள். நான்கு மூலையிலும் உயரம் மாற்றும் போல்ட் கால். சிமெண்ட் தரை மட்டமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள், எந்த வீட்டிலும் இல்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கேட்டு வாங்கி, நான்கு மூலையையும் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு ரசமட்டத்தைவிட அது துல்லியம்.

பிறகு நடுக்கோடு. முன்னாலும் பின்னாலும் ஆணி அறைந்து மெல்லிய நைலான் நூலை இழுத்துக் கட்டுங்கள். பின் சக்கரத்தின் நடு, இன்ஜின் தாங்கியின் நடு, கழுத்துக் குழாயின் நடு, முன் ஆக்சிலின் நடு எல்லாவற்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டால், குண்டின் முனை நூலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். 1 மி.மீ. விலகினால் பொறுத்துக்கொள்ளலாம், 3 மி.மீ. விலகினால் டேக்கை (தற்காலிகமாக வைத்த புள்ளி வெல்டை) உடைத்து மறுபடி பிடியுங்கள். ஃபேன் ஓடும் அறையில் இதைச் செய்யாதீர்கள், நூலும் ஆடும், குண்டும் ஆடும்.

கழுத்துக் குழாய் தனிக் கதை. கோன் செட்டின் கப் அதில் இறுக்கமாக உட்கார வேண்டும். குழாயைச் சரியான அளவுக்குக் கடைந்து வாங்கிவந்து வெல்டு செய்தால், வெல்டிங் இழுத்து வட்டம் முட்டை வடிவமாகிவிடும். கப் ஒரு பக்கம் தட்டும், ஹேண்டில் ஒரு கோணத்தில் பிடிக்கும். எங்கள் லேத்காரர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்: முதலில் உள்துளையை அரை மி.மீ. குறைவாகக் கடைந்து வைக்க வேண்டும். கழுத்துக் குழாயோடு கீழ்க்குழாயின் மேல் துண்டையும் தாங்கு தகடுகளையும் மட்டும் தனியாக வெல்டு செய்து ஆற விட வேண்டும். அந்தச் சின்னத் துண்டை லேத்தில் நான்கு தாடை சக்கில் பிடித்துக் கடைசி அளவு கடைய வேண்டும். அதன் பிறகே ஜிக்கில் மற்றக் குழாய்களோடு சேர்க்க வேண்டும். முழு பிரேமையும் கட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனால் எந்த லேத்திலும் சுற்றாது.

வெல்டிங் மிஷின் எது? வீட்டு கரண்ட் தாங்குமா?

சிங்கிள் பேஸ் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மிஷின் போதும். 2 மி.மீ. குழாய்க்கு 2.5 மி.மீ. 6013 ராடு, 70 ஆம்பியரை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் 15 ஆம்பியர் பிளக் தாங்கும். கூடினால் குழாய் ஓட்டை விழும், குறைந்தால் மேலே உருகிய மணி மட்டும் உட்கார்ந்திருக்கும், வேர் பிடித்திருக்காது. மிக் மிஷின் கிடைத்தால் இன்னும் சுலபம்.

வெல்டிங்கைவிட முக்கியம் முனை பொருத்தம். ஒரு குழாயின் முனையை அடுத்த குழாயின் வளைவில் உட்காரும்படி குடைந்து, அரத்தால் தேய்த்து, வெளிச்சம் தெரியாத அளவுக்குச் சேர்க்க வேண்டும். இடைவெளியை ராடு நிரப்பிக்கொள்ளும் என்று விட்டால் அங்கேதான் உடையும்.

எல்லா மூட்டிலும் முதலில் டேக் மட்டும். பிறகு 2, 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு வெல்டு, அடுத்தது எதிர்ப்பக்கம், அடுத்தது வண்டியின் மறுகோடி. ஒரே மூட்டைச் சுற்றி ஒரே மூச்சில் முடித்தால் பிரேம் முறுக்கிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி ஆற வைக்க வேண்டாம். 10-ஆம் நம்பர் கண்ணாடி இல்லாமல் டேக்கூட அடிக்காதீர்கள், பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிடுங்கள். அன்று ராத்திரி கண் உறுத்தித் தூங்க முடியாமல் அழுவது அவர்கள்தான்.

வெள்ளிப் பட்டறை கேஸ் டார்ச்சில் பற்றவைக்க முடியாதா?

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர் வைத்திருக்கிறவர்கள் கேட்பது. கொலுசுக்குப் போதும் சூடு, 32 மி.மீ. குழாயைச் சிவக்க வைக்காது. முடியாது.

பிரேம் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இரண்டு சோதனை. முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் முட்டுக் கொடுத்து, ஷாக்குக்குப் பதில் இரும்புப் பட்டையைப் போட்டு இறுக்கிவிட்டு, சீட்டு இருக்கும் இடத்திலும் ஃபுட்போர்டிலும் சிமெண்ட் மூட்டை அடுக்குங்கள். மூட்டை 50 கிலோ என்பதால் எடைக் கணக்கு சுலபம். ஆளின் எடையைப் போல இரண்டு மடங்கு ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். கழற்றியபின் நூல் பிடித்து அளந்தால் பழைய அளவுக்கே திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் எங்கோ குழாய் வளைந்திருக்கிறது.

அடுத்து வெல்டு சோதனை. மூட்டில் மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் ஊற விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெள்ளைப் பொடியில் முடி கனத்துக்கு ஒரு கோடாக ஊறி வரும். கழுத்து மூட்டில் அப்படி ஒரு கோடு தெரிந்தால் மேலே வெல்டு பூசி மறைக்காதீர்கள், கிரைண்டரில் முழுக்க அறுத்தெடுத்து மறுபடி வையுங்கள்.

ஏற்காடு ஏறுமா?

சேலத்துக்காரர் எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வி. 20 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தப் பாதையில் உங்கள் வண்டி போகக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டேன். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மலைச்சரிவில் ஓடும் எந்த வண்டிக்கும் இதே கணக்குத்தான்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மின்சார வண்டியை எடுத்துக்கொள்வோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 170 கிலோ என்றால், 1,200 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் சுமார் 550 வாட்-அவர். டயர் உராய்வு, மோட்டார் நஷ்டம் எல்லாம் சேர்த்தால் 900 பக்கம் வரும். 51 வோல்ட் 30 ஆம்பியர்-அவர் பேட்டரி என்பது 1,500 வாட்-அவர். பாதிக்கு மேல் ஏற்றத்திலேயே தீர்ந்துவிடும். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்துக்குச் சக்கரத்தில் 1,000 வாட் வேண்டும். 250 வாட் மோட்டாரில் அதே சரிவு மணிக்கு 7 கிலோமீட்டர். பக்கத்தில் நடந்து வருகிறவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

பேட்டரியைக் கழித்துப்போட்ட செல்களில் நீங்களே கட்டாதீர்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், பி.எம்.எஸ். என்ற பேட்டரிப் பாதுகாப்புச் சர்க்யூட் வைத்துக் கட்டிய தயார்ப் பெட்டியாக வாங்குங்கள்.

பெட்ரோல் வண்டி மேலே போய் ஓடுவதானால் கார்புரேட்டரை மறக்க வேண்டாம். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 14 சதவீதம் அளவுக்குக் குறைவு. சேலத்தில் டியூன் செய்த வண்டி அங்கே பெட்ரோல் கூடுதலாகக் குடித்துக் கரும்புகை விடும். எஸ்டேட் வண்டிக்கு, பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைத்துப் போட்டோம், பிளக் கருப்பாவது நின்றது.

இறங்கும்போது?

அது தான் நிஜமான கேள்வி, ஆனால் கேட்கிறவர் குறைவு. ஏறும்போது செலவான சக்தி இறங்கும்போது பிரேக்கில்தான் சூடாக வந்து சேரும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், அதன்பிறகு இன்ஜின் பிடிக்காது, வண்டி நியூட்ரலில் உருளும். மெதுவாக இறங்குவோம் என்று நினைக்கிறவர்தான் முழு பாரத்தையும் பிரேக் ஷூவில் போடுகிறார். அதனால் சரிவுள்ள இடத்துக்கு 130 மி.மீ. டிரம் முன்னும் பின்னும் குறைந்தபட்சம், முன்னால் டிஸ்க் உள்ள ஃபோர்க் கிடைத்தால் அதையே போடுங்கள். ஷூ புதிதாக வாங்குங்கள். பழைய வண்டியோடு வந்ததைத் தேய்த்துப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

பெட்ரோல் டேங்க்கை டிசைனுக்கு ஏற்ற மாதிரி செய்துகொள்ளலாமா?

கூடாது. கடை டேங்க்குக்கு ஏற்ற மாதிரி டிசைனை மாற்றுங்கள். பழைய டேங்க்கில் வெல்டிங், கிரைண்டிங் எதுவும் வேண்டவே வேண்டாம், காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், வெடிக்கும். ஹோஸும் புதிதாகப் போடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பரை அது தின்றுவிடும்.

பாடி தகடா, ஃபைபரா?

டிங்கரிங் தெரிந்தவர் கூட இருந்தால் 20 கேஜ் சி.ஆர். தகடு. தட்டி வளைத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட். மட்கார்டும் முன் கவசமும் தகட்டில் நன்றாக வரும்.

வளைவு அதிகமென்றால் ஃபைபர். தெர்மாகோலில் உருவம் செதுக்கி, பிளாஸ்டர் பூசி மெழுகு தடவி, அதன்மேல் அச்சு எடுக்க வேண்டும். ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தை முதலில் கலக்கி, நன்றாகக் கலந்தபின் ஹார்டனரை ஊற்றுங்கள். கோபால்ட்டும் ஹார்டனரும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மதியம் இந்த வேலை வேண்டாம். டப்பாவில் கலக்கிக்கொண்டிருக்கும்போதே ரெசின் கொழகொழவென்று இறுகி, டப்பா கை வைக்க முடியாமல் சுடும். காலை 7 மணிக்குள் ஆரம்பித்துவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்கூட்டர் ஒன்றின் விலையைவிடக் கூடுதலாகும். இரும்புக்குப் போவது கொஞ்சம்தான். லேத் கூலி, டயர், பெயிண்ட் மூன்றும்தான் கையைக் கடிக்கும். காசு மிச்சம் பிடிக்க இதில் இறங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன்னால்?

இன்ஜின் ஓட்டாமல், லேசான சரிவில் உருட்டி இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எந்தக் கேபிளும் இழுபடவில்லை, ஆக்சிலரேட்டர் தானாக ஏறவில்லை என்று உறுதி செய்யுங்கள். இது தப்பினால் திரும்பும்போது வண்டி தானாகப் பாயும். கில் ஸ்விட்ச் பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஹெல்மெட், ஷூ போட்டுக்கொண்டு, அடைப்புக்குள் சமதளத்தில் ஓட்டுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் இறங்கி எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். இறுக்கியபின் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு போட்டுவையுங்கள். நட் சுழன்றால் கோடு விலகித் தெரியும், ஸ்பேனர் எடுக்காமலே பார்த்துவிடலாம். எஸ்டேட் வண்டியில் முதல் மாதம் அடிக்கடி விலகியது ஷாக் மேல் போல்ட்டின் கோடுதான். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போட்டபின் நின்றது.

பையனுக்கு 15 வயது. அவனும் ஓட்டலாமா?

கட்டுவதில் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அரம் பிடிக்கவும் நூல் பிடிக்கவும் நல்ல வயது. ஓட்டுவதற்கு, 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கே 16 முடிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் 18. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கும் வண்டி உரிமையாளருக்கும் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் என்று 199ஏ பிரிவு சொல்கிறது. வளாகத்துக்குள்தானே என்றாலும், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.